நான் கொண்டுபோன டம்ளர்

அந்தக் கடைக்குப் பெயர்ப்பலகை கிடையாது. இருந்திருந்தாலும் நான் எழுத்துக் கூட்டி வாசித்து முடிப்பதற்குள் தோசை ஆறிப்போயிருக்கும். தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் மூன்றாவது வரைக்கும்தான் போனேன். அதற்கப்புறம் தம்பியைத் தூக்கி வைத்துக்கொள்ள வீட்டில் ஆள் வேண்டியிருந்தது. அதனால் இதை மெல்லத்தான் எழுதுகிறேன். நாற்பது வருஷத்துக்கு மேல் யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்த விஷயம். இன்னும் பத்து நாள் பிடித்தால் பிடிக்கட்டும்.

எங்கள் தோட்டத்தைத் துண்டு துண்டாக விற்றுவிட்டார்கள். ரப்பர் மரங்களைச் சாய்த்துச் செம்பனை நட்டார்கள். எங்களை லயத்து வீடுகளைக் காலி பண்ணச் சொன்னார்கள். எழுபதுகளின் கடைசி அது. நான் ஈப்போவுக்கு வந்து புந்தோங்கில் ஒரு அறை வாடகைக்கு எடுத்துக்கொண்டேன். என் புருஷன் அதற்கு முன்பே போய்ச் சேர்ந்துவிட்டார். ஒரே மகளை ஹுத்தான் மெலிந்தாங்கில் மீன் வியாபாரக் குடும்பத்தில் கட்டிக் கொடுத்திருந்தேன். அங்கே வந்து இரு என்று மகள் கூப்பிட்டாள். மருமகன் வீட்டில் உட்கார்ந்து சாப்பிடுகிற ஆள் நான் இல்லை. ஒரு பலகை ஆலையில் மரத்தூள் கூட்டுகிற வேலை கிடைத்தது. அதுவே போதும் என்று இருந்துவிட்டேன்.

ஆலைக்கு எதிரில் அந்தக் கடை. தகரக் கூரை, நாலு மேசை, மேசைக்கு இரண்டு பெஞ்சு. காலையில் ஆறு மணிக்குத் திறந்து, மத்தியானச் சோறு தீர்ந்ததும் அடைத்துவிடுவார்கள். எனக்கென்று ஒருத்திக்கு அடுப்பு மூட்ட மனம் வராது. அதனால் காலைத் தோசையும் அங்கேதான், மத்தியானச் சோறும் அங்கேதான். தோசைக்கு வரமிளகாய்ச் சட்டினி, நெத்திலிச் சம்பல். சோற்றுக்குக் கருவாட்டுக் குழம்பு, கீரை, புளிப்பான ரசம். எல்லாம் வாழை இலையில். மழை நாளில் ஆலைக்காரர்களும் லோரிக்காரர்களும் பெஞ்சில் இடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். இலையில் சுடுசோறு விழும்போது ஒரு வாசனை வரும். அந்த வாசனைக்காகவே பதினொன்றரை மணியிலிருந்து ஆலைக் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

கடையை நடத்தினவள் என்னைவிட ஏழெட்டு வயது சிறியவள். புருஷன் லோரி ஓட்டிக்கொண்டு பாரிட் புந்தார், கெடா என்று போய்விடுவான். அடுப்பு, பரிமாறல், கல்லா எல்லாம் அவள் ஒருத்திதான். கைலிக்கு மேலே புருஷனுடைய பழைய சட்டையைப் போட்டுக்கொண்டு, தோசைக் கரண்டியை ஆட்டி ஆட்டிப் பேசுவாள். வாய் ஓயாது.

"என்னண்ணே, இன்னிக்கு ஆறு தோசை? வூட்டுல அண்ணி கோவிச்சுக்கிச்சா?"

"அவ எங்க கோவிக்கிறா. நேத்து அவ சுட்டத தின்னுட்டுத்தான் இன்னிக்கு இங்க ஓடியாந்தேன்லா."

"இருங்க, அண்ணி பாசாருக்கு வரும்போது சொல்றேன்."

இப்படி நாள் முழுக்க ஓடும். என்னிடம் மட்டும் கொஞ்சம் மரியாதையாகப் பேசுவாள். நான் அதிகம் சிரிக்காதவள். ஆலையில் தூள் கூட்டினாலும் சேலையை மடிப்புக் கலையாமல் கட்டிக்கொண்டுதான் வருவேன். "அக்கா, உக்காருங்க. உங்களுக்குன்னு முறுவலா ஒண்ணு ஊத்துறேன்" என்பாள். மூன்று மாதம் அவள் கடைக் கண்ணாடிக் கிளாஸில்தான் டீ குடித்தேன். நல்ல டீ.

ஆலையில் என்னோடு வேலை செய்த கூட்டாளி ஒருத்தி இருந்தாள். அவளும் எங்கள் தோட்டத்துக்காரி. ஒருநாள் துண்டுப் பலகைகளை அடுக்கிக்கொண்டிருந்தபோது கேட்டாள்.

"ஏங்கா, நீ அந்தக் கடையிலயா சாப்புடுற?"

"ஆமா. ஏன்?"

"அந்தக் கடைக்காரி யாரு மவ தெரியுமா? நம்ம கீழ் லயத்துக் கடைசி வூடு. இருமி இருமியே செத்தாரே ஒருத்தரு, அவரு மவ. சின்னதுல தலையில எண்ணெ காணாம ஆட்டுக்குட்டி ஓட்டிக்கிட்டுத் திரியும். அப்பன் செத்ததும் தோட்டத்த விட்டே போயிட்டாங்க."

"நெசமாவா?"

"நெசந்தான். எனக்கென்ன, நான் வூட்டுலேருந்து சோறு கட்டியாறேன். சொல்லணும்னு தோணிச்சு, சொன்னேன்."

தோட்டத்து லயங்களைப் பற்றித் தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. மேட்டில் இருந்தது மேல் லயம். பள்ளத்தில் ஆற்றோரம் இருந்தது கீழ் லயம். சாதி பார்த்துப் பிரித்துப்போட்ட வீடுகள் அவை. எல்லாரும் ஒரே இருட்டில் எழுந்து ஒரே மாதிரி ரப்பர் மரம் வெட்டிப் பால் எடுத்தோம். ஒரே தராசில்தான் எங்கள் பாலையும் அவர்கள் பாலையும் நிறுத்தார்கள். ஆனால் அவர்கள் வீட்டில் நாங்கள் தண்ணீர் குடிக்க மாட்டோம். எங்கள் வீட்டு வாசற்படியை அவர்கள் தாண்ட மாட்டார்கள். யாரும் உட்காரவைத்துச் சொல்லித்தரவில்லை. நடக்கப் பழகுவது மாதிரி தானாகப் பழகிவிட்டது.

அன்று சாயந்திரம் அறைக்கு வந்து, உப்புத் தண்ணீரால் வாயைக் கொப்பளித்தேன். மூன்று மாதம் குடித்த டீ ஒரு நாள் கொப்பளித்தால் போய்விடுமா என்று அப்போது யோசிக்கவில்லை. நன்றாகக் காறிக் காறித் துப்பினேன்.

மறுநாள் காலை பசித்தது. வேறு கடைக்குப் போகலாம் என்றால் பஸ் நிறுத்தம் வரைக்கும் நடக்க வேண்டும். அங்கே இருந்தது சீனர் கடை, எனக்குப் பழக்கமில்லை. படுக்கையிலேயே உட்கார்ந்து யோசித்தேன். இலை புதுசு, யார் வாயும் படாதது. தோசை நெருப்பில் வேகிறது, நெருப்புக்குத் தீட்டு இல்லை. கிளாஸ்தான் பிசகு. அது அவள் வீட்டுப் பாத்திரம், அவளும் அவள் பிள்ளைகளும் குடிக்கிற பாத்திரம். அதை மட்டும் மாற்றிவிட்டால் சரியாகிவிடும். அவள் ஊற்றின தோசையை விடவும் எனக்கு மனம் வரவில்லை, அவள் கிளாஸில் குடிக்கவும் மனம் வரவில்லை. ஒரு எவர்சில்வர் டம்ளரைத் துண்டில் சுருட்டி எடுத்துக்கொண்டு போனேன்.

அவள் டீயோடு வந்தபோது டம்ளரை மேசைமேல் வைத்தேன். "இதுல ஊத்து."

"ஏங்கா? என் கிளாஸு என்னா பாவம் பண்ணிச்சு?" என்று சிரித்தாள்.

அந்த நேரம் பார்த்து இருமல் வந்தது. மரத்தூள் தொண்டையில் ஏறி எனக்கு அப்போது வறட்டு இருமல் இருந்தது. துண்டை வாயில் பொத்திக்கொண்டு இருமி முடித்தேன்.

"ஒடம்பு சரியில்ல. இதுலயே ஊத்திடு" என்றேன்.

அவள் சிரிப்பு நின்றுவிட்டது. குனிந்து குரலை இறக்கிக் கேட்டாள். "எத்தன நாளாக்கா இருக்கு?"

அவள் இருமலைக் கேட்கிறாள் என்று எனக்குத் தெரியும். "ரெண்டு மூணு மாசமா" என்றேன். அது பொய் இல்லை. அவள் என்ன நினைத்துக்கொண்டாள் என்பதும் எனக்குத் தெரிந்தது. திருத்தவில்லை. பொய் இல்லாததைச் சொல்லிப் பொய்யை நிற்கவைத்தேன்.

அவள் எதிர்ப் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாள். கல்லில் தோசை கருகிக்கொண்டிருந்தது.

"எங்கப்பாவுக்கும் இந்த எலும்புருக்கிச் சீக்குதாங்கா. வெளிய சொன்னா வேலையிலேருந்து நிறுத்திடுவாங்கன்னு மறைச்சுட்டாரு. எல்லாரு மங்குக் கோப்பையிலயும் குடிச்சாரு. என் தம்பிக்கு ஒட்டிக்கிச்சு. எட்டு வயசு. அப்பாவுக்கு முன்னாடி அவன் போயிட்டான்." மூக்கைச் சட்டைக் கையில் துடைத்துக்கொண்டாள். "நீங்க மத்தவங்களுக்கு ஒட்டக்கூடாதுன்னு சொந்த டம்ளரு கொண்டாந்தீங்க பாருங்க. இந்த மனசு யாருக்குக்கா வரும்?"

அந்தத் தம்பியின் சவப்பெட்டி போனதை நான் பார்த்திருக்கிறேன். எங்கள் லயத்து மேட்டிலிருந்து பார்த்தேன். சின்னப் பெட்டி, ஒரு ஆள் தோளிலேயே போனது. நாங்கள் யாரும் இறங்கிப் போகவில்லை. அவள் எதிரில் உட்கார்ந்து அழும்போது அது எனக்கு ஞாபகம் வந்தது. நான் டம்ளரைப் பிடித்துக்கொண்டு தலையை ஆட்டினேன்.

"நீங்க எந்தத் தோட்டங்கா?"

"காம்பார் பக்கம்" என்றேன். அது சுத்தப் பொய்.

அன்றிலிருந்து அவள் என்னைக் கவனித்த கவனிப்பை என் மகள்கூடச் செய்ததில்லை. ஜன்னலோரம் காற்று வருகிற இடத்தை எனக்கென்று ஒதுக்கினாள். தோசையோடு ஒரு அவித்த முட்டை வரும். நான் கேட்டதில்லை. புதன்கிழமை ஆட்டுக்கால் வாங்கினால் மிளகு தட்டிப்போட்டு முதல் கரண்டிச் சாறு எனக்குத்தான். டீ ஊற்றும்போது குவளை விளிம்பு என் டம்ளரில் படாமல் உயரமாகத் தூக்கி ஊற்றுவாள். என் சீக்கு மற்றவர்களுக்குப் போகக்கூடாது என்று அவள் அப்படிச் செய்தாள். அவள் பாத்திரம் என்மேல் படாமல் இருப்பது எனக்கும் வசதியாக இருந்தது.

"மருந்து குடிக்கிறீங்களாக்கா? ஆஸ்பத்திரியில குடுக்கறத நடுவுல நிறுத்தக் கூடாது."

"குடிக்கிறேன்."

"மொகம் கொஞ்சம் தெளிஞ்சிருக்கு. முட்ட வேல செய்யுதுலா."

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். எனக்கு அது பிடித்திருந்தது. சாப்பிட்டாயா, தூங்கினாயா என்று என்னைக் கேட்க யாரும் இல்லாத காலம் அது. அவள் கேட்பாள் என்பதற்காகவே கொஞ்சம் கூடுதலாக இருமின நாளும் உண்டு. கூட்டாளி மட்டும் ஆலையில் கிண்டல் பண்ணுவாள்: "என்னக்கா, டம்ளர தூக்கிக்கிட்டுக் கெளம்பிட்டியா? பெரிய ரோசந்தான் போ." அவளுக்குக் காரணம் தெரியும். சிரித்துக்கொண்டே தலையை நிமிர்த்தி ரோட்டைத் தாண்டுவேன். கூட்டாளிக்கு நான் ரோசக்காரி, கடைக்காரிக்கு நல்ல மனசுக்காரி. இரண்டு பேரும் மெச்சினார்கள். ஆறேழு மாதம் இப்படி ஓடியது.

கடையில் மற்றவர்கள் என் டம்ளரைப் பார்க்காமலா இருப்பார்கள்? முதலில் என் பெஞ்சில் உட்காருவதைத் தவிர்த்தார்கள். பிறகு நான் இருமினால் இலையைத் தூக்கிக்கொண்டு அடுத்த மேசைக்குப் போனார்கள். ஒருநாள் மத்தியானம் நல்ல கூட்டம். வேறு இடம் இல்லாமல் ஒரு லோரிக்காரர் என் எதிரில் உட்கார்ந்தார். எனக்கு இருமல் வந்தது. அவர் எழுந்து நின்றே சத்தம் போட்டார்.

"தங்கச்சி! இந்த அம்மாவ வெளிய உக்கார வைக்கக் கூடாதா? சீக்குக்காரி எதுத்தாப்புல ஒக்காந்து எப்படிச் சோறு எறங்கும்?"

கடை முழுக்கத் திரும்பிப் பார்த்தது. இன்னொருவர், "ஆமாலா, பிள்ளைங்க வர்ற எடம்" என்றார். என் பக்கத்தில் இருந்த பெண் சேலையை இழுத்துக்கொண்டு நகர்ந்தாள்.

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. என்னைப் பார்த்து யாரும் அப்படி நகர்ந்ததில்லை. நான் மேல் லயத்துக்காரி. எனக்குச் சீக்கு ஒன்றும் இல்லை, மரத்தூள் இருமல் என்று சொல்ல வாய் வரைக்கும் வந்துவிட்டது. சொன்னால் அடுத்த கேள்வி எது என்று தெரியும். சீக்கு இல்லையென்றால் எதற்கு அந்த டம்ளர்? அதற்குப் பதில் சொல்வதைவிடச் சீக்குக்காரியாக இருப்பதே மேல் என்று வாயை மூடிக்கொண்டேன்.

அவள் அடுப்படியிலிருந்து கரண்டியோடு வந்தாள்.

"யாருண்ணே சீக்குக்காரி? இவங்க ஒழுங்கா மருந்து குடிக்கிறாங்க. உங்களுக்கு ஒட்டக்கூடாதுன்னு தெனம் டம்ளரு சுமந்துக்கிட்டு வர்றாங்க. உங்கள்ல எத்தன பேருக்கு அந்தப் புத்தி இருக்கு? வேற எடம் வேணும்னா போய்க்கிங்க. என் கடையில ஒரு ஆள இன்னொரு ஆளு எழுந்திரின்னு சொல்லக் கூடாது."

"அப்படின்னா நீ அதுல குடிப்பியா?" என்றார் அவர், விடாமல்.

"குடிப்பேன்."

என் டம்ளரில் பாதி டீ இருந்தது. எடுத்தாள். தலையை அண்ணாந்து ஊற்றிக்கொள்ளவில்லை. விளிம்பில் உதட்டை வைத்து, எல்லாரும் பார்க்க, ஒரு வாய் குடித்தாள். மேசைமேல் வைத்தாள். "போதுமாண்ணே? பயமா இருந்தா கெளம்புங்க. பயமில்லன்னா உக்காந்து சாப்புடுங்க." அவர் முணுமுணுத்துக்கொண்டே உட்கார்ந்தார். அவள் என் தோளைத் தட்டி, "நீங்க குடிங்கக்கா" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

தம்பியைத் தின்ற சீக்கு என்று நம்பிக்கொண்டே அவள் அந்த டம்ளரில் வாய் வைத்தாள். இப்போது எழுதும்போது அது தெரிகிறது. அன்று எனக்குத் தெரிந்ததெல்லாம் விளிம்பில் இருந்த ஈரம்தான். கீழ் லயத்துக்காரியின் எச்சில். எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் டம்ளரைத் தூக்கினேன். உதடு வரைக்கும் கொண்டுபோனேன். முடியவில்லை. கை கழுவப் போகிறவள்போல எழுந்து பின்பக்கம் போனேன்.

பின்பக்கம் ஒரு குழாயும் சாக்கடையும் இருந்தன. டீயைச் சாக்கடையில் கொட்டினேன். அடுப்புச் சாம்பல் ஒரு தகரத்தில் இருந்தது. ஒரு பிடி எடுத்து டம்ளர் விளிம்பைத் தேய்த்துக் கழுவினேன். போதாது என்று மறுபடி தேய்த்தேன். மூன்றாவது தடவை விளிம்பை விரலால் சுற்றிச் சுற்றித் தேய்த்துக்கொண்டிருந்தபோது பின்னால் அவள் நின்றிருந்தாள். கையில் எனக்காக ஒரு முட்டை வைத்த தட்டு.

"ஐயோ, நான் குடிச்சதுக்காகவா கழுவுறீங்க? எனக்கு ஒண்ணும் ஒட்டாதுக்கா, பயப்படாதீங்க. நீங்க மருந்து குடிக்கிறவங்கதானே" என்றாள்.

அப்போதும் அவளுக்கு நல்லதுதான் தோன்றியது. நான் ஆமாம் என்றிருந்தால் அதையும் நம்பியிருப்பாள். ஆனால் சாம்பல் கையோடு திரும்பின என் முகத்தில் அவள் எதையோ பார்த்துவிட்டாள். சாக்கடையைப் பார்த்தாள். டம்ளரைப் பார்த்தாள். டம்ளருக்குள்ளே நான் தேய்க்கவே இல்லை. அவள் உதடு பட்ட விளிம்பை மட்டும்தான் தேய்த்திருந்தேன்.

"உங்களுக்குச் சீக்கே இல்லல்ல?" என்று கேட்டாள்.

நான் குழாயை மூடினேன்.

"எந்தத் தோட்டம்?"

சொன்னேன்.

"மேல் லயமா?"

"ஆமா."

"என்னைத் தெரியுமா?"

"தெரியும்."

"மொதல்லேருந்தேவா?"

"டம்ளர் கொண்டாந்த நாள்லேருந்து."

அவள் திட்டவில்லை. திட்டியிருந்தால் நானும் இரண்டு வார்த்தை திருப்பிப் பேசி அதோடு தீர்த்திருப்பேன். அவள் தட்டில் இருந்த முட்டையைப் பார்த்தாள். "உள்ள இலை காயுது, போய்ச் சாப்புடுங்க" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள். நான் உள்ளே போகவில்லை. பின்பக்க வழியாகவே ஆலைக்குப் போய்விட்டேன்.

மூன்று வாரம் அந்தப் பக்கம் போகவில்லை. ரொட்டி வாங்கி வைத்துக்கொண்டு பலகை அடுக்குக்குப் பின்னால் உட்கார்ந்து தின்றேன். கூட்டாளி கேட்டதற்கு, "அவ கை சுத்தமில்ல" என்றேன். அப்படிச் சொன்னேன். அவள் அதை ஆலையில் நாலு பேரிடம் சொன்னாள். அந்த நாலு பேரில் இரண்டு பேர் கடைக்குப் போவதை நிறுத்தினார்கள். எழுதுவதா வேண்டாமா என்று இந்த இடத்தில் இரண்டு நாள் நின்றுவிட்டேன். எழுதிவிட்டேன்.

மூன்று வாரத்தில் எனக்கு நானே ஒரு வழி கண்டுபிடித்தேன். டம்ளர் இல்லாமல் போவது. அவள் கடைக் கிளாஸிலேயே, நாலு பேர் பார்க்க, குடித்துவிடுவது. அவள் புரிந்துகொள்வாள். மன்னிப்பு என்ற வார்த்தையைச் சொல்ல வேண்டியிருக்காது. அந்த வார்த்தையை நான் புருஷனிடமும் சொன்னதில்லை. குடித்துவிட்டால் மேட்டிலிருந்து இறங்கி வந்துவிட்டாள் என்று அவள் சந்தோஷப்படுவாள் என்றுகூட நினைத்தேன். முந்தின ராத்திரி நன்றாகத் தூங்கினேன்.

மத்தியானக் கூட்டம் கலைந்த நேரம் பார்த்துப் போனேன். பழைய ஜன்னலோரம் உட்கார்ந்தேன். அவள் இலை போட்டாள். தண்ணீர் வைக்கவில்லை.

"ஒரு கிளாஸு தண்ணி குடு" என்றேன். வெறும் கையை மேசைமேல் விரித்து வைத்தேன், அவள் பார்க்கட்டும் என்று.

பார்த்தாள். "டம்ளரு கொண்டாரலயா?"

"இல்ல. இனிமே கொண்டார மாட்டேன். உன் கிளாஸுலயே குடு."

"எதுக்கு?"

அந்தக் கேள்வியை நான் எதிர்பார்க்கவில்லை. "சும்மாதான். குடிக்கத்தான்."

அவள் குரலை உயர்த்தவே இல்லை. "என் கிளாஸுல நீங்க குடிச்சா நான் சந்தோசப்படுவேன்னு நெனச்சு வந்தீங்களாம்மா? அந்தச் சந்தோசத்த எனக்குக் குடுக்க வந்தீங்களா?"

அக்கா போய் அம்மா ஆகிவிட்டேன். மற்ற வாடிக்கைக்காரர்களைக்கூட அவள் அண்ணே, அக்கா என்றுதான் கூப்பிடுவாள்.

"சோறு போடறேன். பசின்னு வந்தவங்கள நான் அனுப்ப மாட்டேன். கிளாஸு மட்டும் குடுக்க மாட்டேன். அது என் பிள்ளைங்க குடிக்கிறது."

சோறு போட்டாள். குழம்பு, கீரை, பொரியல் எல்லாம் போட்டாள். எதிலும் குறைவைக்கவில்லை. எழுந்து போயிருக்க வேண்டும். ரோசம் உள்ளவள் என்று பெயரெடுத்தவள் எழுந்துதான் போயிருப்பாள். ஆனால் எழுந்து போனால் அவள் சொன்னது சரியென்று ஆகிவிடும் என்று பட்டது. மூன்று வாரம் ரொட்டி தின்ற வயிறு வேறு. பிசைந்து சாப்பிட ஆரம்பித்தேன். அன்றைக்குக் குழம்பில் காரம் அதிகம். நாலாவது கவளத்தில் விக்கல் பிடித்துக்கொண்டது. அடக்கிப் பார்த்தேன். விக்கலோடு இருமலும் சேர்ந்தது. கண்ணில் தண்ணீர் வந்தது. கடையில் மிச்சமிருந்த இரண்டு பேர் என்னைப் பார்த்தார்கள், அவளைப் பார்த்தார்கள். மேசைக்கு மேசை கிளாஸில் தண்ணீர் இருந்தது. யாரும் நகர்த்தித் தரவில்லை, சீக்குக்காரிக்கு எப்படித் தருவார்கள்?

அவள் உள்ளே போய் ஒரு சொம்பில் தண்ணீர் எடுத்துக்கொண்டு வந்தாள்.

"பின்னாடி வாங்க" என்றாள்.

போனேன். குழாயடியில் நின்றோம்.

"கையக் கழுவிட்டு நீட்டுங்க."

கழுவிவிட்டு நீட்டினேன். இரண்டு கையையும் சேர்த்து, குனிந்து, வாயருகே வைக்கச் சொன்னாள். யாரும் சொல்லித்தராமலே எனக்கு அது தெரிந்திருந்தது. எங்கள் அம்மா எங்கள் வீட்டு வாசலில் நின்று கீழ் லயத்து ஆட்களுக்கு அப்படித்தான் தண்ணீர் ஊற்றுவாள். சொம்பு அவர்கள் கையில் படாமல், உயரத் தூக்கி. அவர்கள் குனிந்து கையில் ஏந்திக் குடிப்பார்கள். நான் படியில் உட்கார்ந்து வேடிக்கை பார்ப்பேன். அவளும் அந்த ஓரத்தில் நின்று, அவள் அம்மா அப்படிக் குடித்ததைப் பார்த்திருப்பாள்.

அவள் ஊற்றினாள். முகத்தில் கோபமும் இல்லை, சிரிப்பும் இல்லை. வேலை செய்கிற முகம். என் சேலையில் ஒரு சொட்டு படாமல் பார்த்து ஊற்றினாள். அப்போது நான் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். குனிந்துதான் இருந்தேன். முகம் தெரியாது. சொல்வதற்கு அதைவிட நல்ல சமயம் என் ஆயுசில் வரவில்லை. நாக்கு தண்ணீருக்குத்தான் நீண்டது.

"போதுமா?" என்றாள்.

விக்கல் நின்றிருந்தது. ஆனால் தொண்டையில் காரம் இன்னும் இருந்தது. நான் நிமிர்ந்து அவளைப் பார்க்கவில்லை. இன்னும் கொஞ்சம் என்று இரண்டு கையையும் மறுபடி ஏந்தினேன். ஊற்றினாள்.